பகுதி நேர ஊழியருக்கும் சேமநிதி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

இரவு ஏழரை மணிக்கு, பள்ளி வாசலில் பாதுகாவலரின் நாற்காலியருகே, புத்தகப்பையை மடியில் வைத்தபடி என் மகள் தூங்கிப்போயிருந்தாள். மறுநாளே பதினோரு ஆண்டு வங்கி வேலையை விட்டு விலகினேன்.

இப்போது செந்தூலில் பகுதி நேர வேலை. சம்பளம் பாதிதான், ஆனால் மதியச் சோற்றை அவளோடு உண்கிறேன். முதல் மூன்று மாதம் முதலாளி எனக்குச் சேமநிதி கட்டவில்லை. "பகுதி நேரத்திற்குக் கிடையாது" என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். 2010ஆம் ஆண்டு பகுதி நேர ஊழியர் விதிமுறைகளின்படி, முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை உழைப்பவருக்கும் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாவையும் முதலாளி கட்டியாக வேண்டும்.

மனிதவள அமைச்சு இதைத் தமிழில் துண்டறிக்கையாக அச்சிட்டு, தமிழ்ப்பள்ளிகள் வழியே தாய்மார்களிடம் சேர்க்க வேண்டும்.

தனித்து வாழும் தாய்,
செந்தூல், கோலாலம்பூர்