மாதா கோயிலுக்கு ஆள் கூட்டிப் போகும்போது

வண்டி ஓட்டுகிற, கைடு வேலை பார்க்கிற நம் குழு நண்பர்களுக்கு வணக்கம். கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா ஆலயத்துக்கோ கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்கோ ஆள் கூட்டிப் போனால், உடை விஷயத்தை வண்டி ஏறும்போதே சொல்லிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். முக்கடல் சங்கமத்தில் குளித்துவிட்டு ஈர டவுசரோடு நேராக மாதா கோயிலுக்கு வந்துவிடுகிறார்கள்; சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை, நாம்தான் சொல்லவில்லை.

போன ஞாயிறு கோட்டாற்றில் ஒரு பிள்ளை கையில்லாத பனியனோடு வாசலிலேயே தயங்கி நின்றது. உள்ளே பூசை, பாட்டிமார் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டு முழங்காலில் இருக்கிறார்கள். வண்டியில் கிடந்த துப்பட்டாவைக் கொடுத்தேன். தோளைச் சுற்றிக்கொண்டு, பூசை முடிந்ததும் 2022-இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயத்தின் கல்லறை வரை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தது. அன்றிலிருந்து சீட்டுக்கு அடியில் இரண்டு துப்பட்டா, ஒரு வேட்டி வைத்திருக்கிறேன், நீங்களும் வையுங்கள்.

பெண்களுக்கு முக்காடு கட்டாயமில்லை, வற்புறுத்த வேண்டாம். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். அப்புறம் செருப்பு, ஊர்க்காரர்கள் வாசலில் விட்டிருந்தால் நம் ஆட்களும் அங்கேயே விடட்டும்.