பீரங்கிக்காரர்கள் கையில் தூரிகை

ஆசிரியருக்கு,

19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் நீர்வண்ண ஓவியங்களை வெறும் பொழுதுபோக்கு என்று உங்கள் கட்டுரை ஒதுக்கியது சரியாகப் படவில்லை. புகைப்படக் கருவி கைக்கு வராத காலம். கோட்டையையும் மலைச்சரிவையும் பார்த்து வரைவது அவர்களுடைய தொழிலில் ஒரு பகுதி. அதனால்தான் இங்கிலாந்தின் வூல்விச் ராணுவப் பள்ளியில் பால் சாண்ட்பி போன்ற பேர்பெற்ற ஓவியரே பாடம் நடத்தினார். அங்கே படித்த ஜேம்ஸ் பாட்டிசன் கோபர்ன் பிற்பாடு கனடாவில் பீரங்கிப் படைக்குத் தலைமை வகித்தார். 1832 வரை அங்கிருந்தவர், கியூபெக் நகரத் தெருக்கள், பனியில் சறுக்கும் குதிரைவண்டிகள், மான்ட்மொரென்சி அருவியடியில் குவிந்த பனிக்கூம்பு என்று வரைந்து தள்ளினார். இதெல்லாம் பீரங்கிக்கு எதற்கு என்று கேட்டால், சரி, எதற்கும் இல்லைதான்! ஆனால் அந்நகரின் பழைய வீதிகளை ஆராய்பவர்கள் இன்றும் இவற்றைத்தான் தேடுகிறார்கள். அடுத்த முறை ஓரிரு படங்களையாவது வண்ணத்தில் போடுங்கள்.

- ஒரு வாசகர், திருச்சி