கடல் எந்தப் பக்கம்?

அன்புள்ள கயல்,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். இத்தாலியில், பீசா கடற்கரையில் நீ எடுத்த வீடியோவில், ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசியைக் காலால் தள்ளியதும் அடியிலிருந்து தெறித்து ஓடுகிறதே, அது பூச்சி இல்லை. பூச்சிக்கு ஆறு கால்தான், இதற்கு ஏழு ஜோடி. இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். தலிட்ரஸ் சால்டேட்டர் என்று பெயர். ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆள். நண்டுக்கு இருப்பதுபோல் கண் காம்பின்மேல் நிற்காது. தலையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பொட்டாக ஒட்டியிருக்கும். பயப்படாதே, கடிக்காது.

பகலெல்லாம் ஈரமணலுக்குள் புதைந்து கிடக்கும். ராத்திரி வெளியே வந்து பாசியைத் தின்னும். உடம்பு காய்ந்தால் செத்துவிடும், அலையில் மாட்டினாலும் ஆபத்து. ஈரமாக இருக்கும் அந்தக் குறுகிய பட்டைதான் அதற்கு உலகம். காய்ந்த மணலில் விட்டால் கடலை நோக்கி ஓடும், தண்ணீரில் போட்டால் கரையை நோக்கி வரும்.

கடல் எந்தப் பக்கம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? 1950-களின் தொடக்கத்தில் இதைத் துருவியவர்கள் இத்தாலிக்காரர்கள்தான், லியோ பார்டியும் ஃப்ளோரியானோ பாப்பியும். பாத்திரத்துக்குள் விட்டு, கடல் கண்ணில் படாமல் மறைத்து, வானத்தை மட்டும் காட்டினார்கள். அப்போதும் கடல் இருக்கும் திசைக்கே போயின. சூரியனை மறைத்து, கண்ணாடி வைத்து வெயிலை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டியதும் அவையும் திசை மாறின.

ஆனால் யோசித்துப் பார். நாகப்பட்டினத்தில் கடல் கிழக்கே, உனக்கு இப்போது மேற்கே. அங்கே காலையில் சூரியனுக்கு முதுகைக் காட்டி ஓடினால்தான் கடல் வரும். சாயங்காலம் சூரியனைப் பார்த்து ஓட வேண்டும். அப்படியானால் மணி தெரிந்திருக்க வேண்டுமே? தெரிகிறது. அறைக்குள் விளக்கு வைத்து அதன் இரவு பகலை 6 மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு வெளியே கொண்டுவந்தால், கிட்டத்தட்ட 90 டிகிரி விலகிப் போகிறது. அதன் கணக்கு சரிதான், நாம்தான் கடிகாரத்தைத் திருகிவிட்டோம்.

இத்தாலியின் கிழக்குப் பக்கம் இருக்கும் ஏட்ரியாட்டிக் கடற்கரையில் பிடித்தவற்றை மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தும் பார்த்தார்கள். அங்கேயும் கிழக்குப் பக்கமாகவே ஓடின. ஆய்வகத்தில் பிறந்து கடலையே பார்க்காத குஞ்சுகள்கூடத் தாயின் கரைக்கு ஏற்ற திசையையே பிடித்தன. "இதை எனக்காகத்தானே சொல்கிறாய்?" என்று கேட்பாய். இல்லை தாயே, பிராணியைப் பற்றி மட்டும்தான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது சந்திரன் சமாச்சாரம். ராத்திரியில் நடமாடுகிற பிராணிக்குச் சூரியன் எப்படிப் போதும்? சந்திரனை வைத்தும் திசை பார்க்கிறது என்று அதே இருவர் 1953-இல் எழுதினார்கள். சந்திரனோ நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழுகிறது, சூரியனுக்கான கடிகாரம் இதற்கு உதவாது. 2016-இல் வந்த ஓர் ஆய்வில் உணர்கொம்புகளை நீக்கிப் பார்த்தார்கள். சூரியனை வைத்துச் சரியாகப் போனது, சந்திரனை வைத்துப் போகத் தெரியவில்லை. சந்திரக் கடிகாரம் கொம்பில் இருக்கிறது! நான் வகுப்பெடுத்த காலத்தில் இது தெரிந்திருந்தால் ஒரு பீரியட் முழுக்க இதையே பேசியிருப்பேன்.

நகரத்து விளக்குகள் வானத்தில் பரப்பும் வெளிச்சம் இந்த ராத்திரி நடையைக் குழப்புகிறது என்று பிரிட்டனில் 2020-இல் காட்டியிருக்கிறார்கள். உங்கள் கடற்கரை ஓட்டல்களின் விளக்கு வரிசையைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, ஞாயிற்றுக்கிழமை போனால் ஒரு வேலை செய். உயரமான விளிம்புள்ள பிளாஸ்டிக் பேசினில் காய்ந்த மணலைக் கொஞ்சமாகப் பரப்பி, பத்துப் பன்னிரண்டைப் பிடித்து நடுவில் விடு. வெயில் நேராக விழ வேண்டும், மேகம் போட்டிருந்தால் வேண்டாம். குனிந்து பார்க்கும்போது உன் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள். அதிக நேரம் வைத்திருக்காதே, காய்ந்துவிடும். முடிந்ததும் எடுத்த இடத்துப் பாசிக்கு அடியிலேயே விட்டுவிடு, கடலில் வீசாதே. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போயின என்று குறித்து அனுப்பு. காலையில் ஒரு தரம், நாலு மணிக்கு மேல் ஒரு தரம் என்றால் ரொம்ப நல்லது.

அன்புடன்,
அம்மா