மீன்பாடி வண்டியை உங்கள் கார் என்னவென்று நினைக்கும்?

தானாகப் பிரேக் போடும் கார்களுக்கு மென்பொருள் எழுதும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண், ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி இறந்தார். அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதை விசாரித்து எழுதிய அறிக்கையை உங்களில் சிலராவது படித்திருப்பீர்கள். மற்றவர்கள் தயவுசெய்து இன்றே படியுங்கள்.

கார் அவரைப் பார்க்காமல் இல்லை. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே ரேடார் கண்டுகொண்டது. வாகனம் என்றது, பிறகு வேறு ஏதோ என்றது, பிறகு சைக்கிள் என்றது. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் வந்த தடத்தைக் கைவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டது. இடமிருந்து வலமாகக் கடந்துகொண்டிருந்தவர் அதன் கணக்கில் ஒரு நேரம் அசையாப் பொருள், இன்னொரு நேரம் காரோடு அதே திசையில் போகும் சைக்கிள்! மோதல் நிச்சயம் என்று புரிந்தபோது மிச்சமிருந்தது 1.2 விநாடி. வீண் பிரேக்கைத் தவிர்க்கவென்று வைத்திருந்த தாமதம் அதிலும் ஒரு விநாடியை விழுங்கிவிட்டது. கடவைக்கோடு இல்லாத இடத்திலும் மனிதர் கடப்பார் என்பதற்கு அந்த வடிவமைப்பில் இடமே இல்லை. (காரைக் கண்காணிக்க ஓட்டுநர் இருக்கையில் இருந்த பெண் கைபேசியைப் பார்த்தது பெரிய செய்தியானது. வழக்கும் அவர்மேல்தான் போடப்பட்டது.)

நம் ஊரில் கோட்டில் கடப்பவர் எத்தனை பேர்? உள்ளங்கையை நீட்டிக் காட்டியபடி, ஒரு லாரி போனதும் இரண்டடி, பஸ் வந்தால் ஓரடி பின்னால் என்றுதான் சென்னையின் ஜிஎஸ்டி சாலையைக் கடக்கிறோம். சரக்கேற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கம்பியை ஏற்றி ஒருவர் இறங்கித் தள்ளிவந்தால், உங்கள் நிரல் அதற்கு நான்கு பெயராவது வைத்துப் பார்க்கும்.

வைக்கட்டும். பெயர் மாறினாலும் தடத்தை அழிக்காதீர்கள் என்பதே என் கோரிக்கை. இன்னதென்று தெரியாத ஒன்று குறுக்கே நகர்ந்தால் வேகம் குறையட்டும். பின்னால் வருபவன் முட்டிவிடுவான் என்பீர்கள். நியாயமான கவலைதான், ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதற்கும் பிரேக்கை அழுத்தி மிதிப்பதற்கும் இடையே நிறைய இடமிருக்கிறது.

சோதனைத் தடத்தில் பொம்மை மனிதனை நேர்க்கோட்டில் இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பொம்மை தயங்கட்டும், பின்வாங்கட்டும், இருட்டில் வண்டி தள்ளட்டும். எதில் உங்கள் கார் தோற்றது என்பதையும் வாங்குபவருக்குத் தரும் கையேட்டில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் சாலையைக் கடக்கும் ஒருவன்