ஐயா பெயரில் ஒரு விருது: கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். கடலூரில் எங்களுக்கு நிலவியல் கற்பித்த பேராசிரியர் ஐயாவின் பெயரில், சிறந்த கல்லூரி ஆசிரியருக்கான அறக்கட்டளை விருது அமைந்துவிட்டது. திரண்ட பணம் முழுவதும் வங்கியில் வைப்புநிதியாக இருக்கிறது. அசலில் கை வைக்காமல், வட்டியைக் கொண்டே ஆண்டுதோறும் விருது வழங்கப்படும்.

ஐயாவிடம் படிக்காதவர்களும் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்கு அவர் எங்களை அழைத்துப் போவார். வக்கிரகாளியம்மன் கோவிலுக்குப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் இடிபட்டுப் போய் இறங்குவோம். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. "அடிமரம் இருக்கிறது. கிளை எங்கே, வேர் எங்கே?" என்று கேட்டுவிட்டு ஐயா நிழலில் உட்கார்ந்துவிடுவார். விடை சொல்லமாட்டார். இவை இங்கே வளர்ந்த மரங்கள் அல்ல, ஆற்று வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை என்று நாங்களாகவே கண்டு சொல்லும்வரை சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாது. கடலூரை ஒட்டிய கேப்பர் மலையில் சிவந்து தெரிவதும், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைப் பொதிந்து வைத்திருப்பதும் அந்த மணல் இறுகிய அதே கடலூர் மணற்கல்தான் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. சுரங்கத்தில் நிலத்தடி நீரின் அழுத்தத்தோடு அன்றாடம் மல்லுக்கட்டும் நெய்வேலி நண்பர்கள் முதல் ஆளாகப் பணம் அனுப்பியதில் வியப்பில்லை.

வளைகுடா எண்ணெய் வயல்களிலிருந்து அனுப்பியவர்கள், ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்த நெல்லிக்குப்பம் ஆசிரியை, கட்டணம் வாங்காமல் பத்திரமும் கணக்கும் பார்த்துத் தந்த புதுச்சேரித் தணிக்கையாளர் எல்லோருக்கும் நன்றி. யார் எவ்வளவு தந்தார்கள் என்பதை வெளியிடப் போவதில்லை. இது மொய் நோட்டு அல்ல.

ஒருவரைத் தனியே குறிப்பிட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஆய்வகக் கூரையைப் பிய்த்தபோது, நனைந்த பாறை மாதிரிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, அழிந்துபோன எண்களை நினைவிலிருந்தே திரும்ப எழுதி ஒட்டியவர் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன். இன்றைய மாணவர்கள் கையில் எடுத்துப் பார்ப்பது அந்தக் கற்களைத்தான். அவரும் இந்த நிதிக்குப் பணம் தந்தார். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை.

விருதுக்குத் தம் பெயரை வைக்க ஐயா லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். ஒன்று: ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது; மாணவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இரண்டு: தொகுப்பூதியத்தில் காலம் தள்ளும் கௌரவ விரிவுரையாளர்களையும் பரிசீலிக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவதே முறை. இரண்டும் அறக்கட்டளை விதிகளில் சேர்க்கப்பட்டுவிட்டன.

ரசீது இன்னும் கிடைக்காதவர்கள் பணம் அனுப்பிய தேதியைக் குறிப்பிட்டுத் துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள். முதல் விருதை ஐயாவே தம் கையால் வழங்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பொன்னாடை, மாலை எதுவும் கொண்டுவர வேண்டாம் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

நன்றியுடன்,
முன்னாள் மாணவர்கள், நிலவியல் துறை
கடலூர்