ஹெம்ப்பைப் பருத்தியாக்கப் பார்க்காதே

அன்புள்ள மகளுக்கு,

நீ பிரான்ஸின் லியோனிலிருந்து அனுப்பிய நீளமான குரல் செய்தியை அம்மாவும் நானும் சேர்ந்து கேட்டோம். ஹெம்ப் துணியில் டி-ஷர்ட் போடலாம், தையலை இங்கே மொரீஷியஸில் கொடுக்கலாம், விற்பனையை நீ அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். அம்மாவின் முதல் கேள்வி, "கஞ்சாச் செடியிலா சட்டை?" என்பதுதான். இந்தத் தீவில் அந்தப் பெயர் காதில் விழுந்தாலே போலீஸ் ஞாபகம் வரும், அவள் பயந்ததில் தப்பில்லை. அதே இனச் செடிதான், ஆனால் நாருக்காக வளர்க்கும் வகையில் போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பாவில் விதி, அமெரிக்காவும் 2018இல் அதே அளவை வைத்துத்தான் சாகுபடியை அனுமதித்தது என்று விளக்கினேன். இப்போது அவளே பக்கத்து வீட்டுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்ததால்தான் போனில் "நல்லது, செய்" என்று முடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். வயலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. ஆனால் துணி ஆலைக்குள் வந்த பிறகு அதற்கு என்னென்ன நடக்கிறது என்பதைச் சாயக்கூடத்திலேயே வேலைக்காலம் முழுக்க நின்று பார்த்தவன் நான். அதை வைத்துச் சொல்கிறேன்: ஹெம்ப்பை ஹெம்ப்பாகவே விட்டால்தான் அதனால் நன்மை. பருத்தி மாதிரி பளிச்சென்று, மெத்தென்று, மெல்லிசாக ஆக்கப் பார்த்தால், வயலில் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஆலையில் தொலைத்துவிடுவோம்.

பருத்தியைத் திட்ட எனக்கு மனசு வராது. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்ததற்குப் பிறகு, கரும்புத் தோட்ட வேலையை விட்டு ஆலை வேலைக்குப் போன தலைமுறை நம் குடும்பத்தில் நாங்கள்தான், உன் பள்ளிக்கூடச் செலவெல்லாம் பருத்தியிலிருந்து வந்தது. ஆனால் ஆரல் கடலுக்கு நடந்ததை நீ படித்திருப்பாய். 1960களிலிருந்து அமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு ஆறுகளையும் பருத்தி வயல்களுக்குத் திருப்பித் திருப்பி, உலகத்தின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது பெரும்பகுதி காய்ந்தே போனது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரி சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நவம்பரில் மார் ஓ வாக்வா அணை இறங்கி, குழாயில் நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் உட்கார்ந்து அந்த எண்ணைப் படித்தால் வயிறு கலங்குகிறது. ஒன்றை மட்டும் மறக்காதே, அந்தக் கணக்கில் வயலில் பெய்த மழையும் சேர்த்தி. மாலி, புர்கினா ஃபாசோ போன்ற நாடுகளில் பருத்தி பெரும்பாலும் மழையை நம்பியே விளைகிறது, அந்தச் சின்ன விவசாயிகள் எந்த ஆற்றையும் வற்ற வைக்கவில்லை. ஆகவே உன் விளம்பரத்தில் எல்லாப் பருத்தியையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதே.

ஹெம்ப்புக்கு வயலில் உண்மையான பலம் இருக்கிறது. விதைத்து ஏறக்குறைய நான்கு மாதத்துக்குள் 3 மீட்டருக்கு மேல்கூட வளர்ந்துவிடும், நாருக்கு நெருக்கமாக விதைப்பதால் கீழே வெயிலே விழாது, களை தலைதூக்காது, பூச்சி மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு ஹெக்டேரில் பருத்தியை விட அதிக நார் கிடைக்கும். வேர் ஆழமாகப் போய் மண்ணை இளக்குவதால் அடுத்துக் கோதுமை போடுபவருக்கும் நல்லதுதான். ஆனால் நைட்ரஜன் உரம் வேண்டும், முளைக்கும்போது ஈரமும் வேண்டும். தண்ணீரே வேண்டாத செடி என்று சிலர் எழுதுகிறார்கள், நீ அப்படி எழுதாதே.

ஐரோப்பாவில் அதிகம் ஹெம்ப் விளைவது பிரான்ஸில்தான், ஷாம்பேன் பக்கத்தில் நிறைய. ஆனால் அந்த நாரில் பெரும்பங்கு மெல்லிய காகிதத்துக்கும், வீட்டுச் சுவருக்குள் குளிர் தாங்க வைக்கும் அடைப்புக்கும், கார் பாகங்களுக்கும் போகிறது, உடுத்துகிற துணியாக மாறுவது கொஞ்சம்தான். துணிக்கான ஹெம்ப்பில் சீனாதான் முன்னால் நிற்கிறது. அது குற்றமில்லை. ஆனால் ஒருவர் உன்னிடம் "பிரெஞ்சு ஹெம்ப்" என்று சொன்னால், விளைந்தது எங்கே, நார் பிரித்தது எங்கே, நூற்றது எங்கே என்று மூன்றையும் தனித்தனியாகக் கேள். எழுத்தில் வாங்கு.

நார் பிரிப்பதில்தான் முதல் சிக்கல். வெட்டிய தண்டை வயலிலேயே பரப்பி, பனியிலும் தூறலிலும் சில வாரம் கிடக்கவிட்டால், நாரைத் தண்டோடு ஒட்டியிருக்கும் பசை தானாக மக்கிப்போகும். குளத்தில் ஊறப்போட்டால் வேலை சீக்கிரம் முடியும், நாரும் சீராக வரும், ஆனால் அழுகுகிற தண்டு தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொள்ளும், அந்த நீரை அப்படியே ஆற்றில் விட்டால் மீன் செத்து மிதக்கும். நம் தீவுக்கும் நார் புதிதல்ல. சாலையோரம் முள்ளு நுனியோடு நிற்கிறதே அலோ செடி, அதன் மடலைச் சுரண்டி, அலசி, காயவைத்துத்தான் ஒரு காலத்தில் சர்க்கரைக்குச் சாக்கு நெய்தார்கள். என் பாட்டி அந்த வேலைக்குப் போனவர், கை இரண்டும் அரித்துப் புண்ணாகுமாம். 1980இல் போர்ட் லூயியில் சர்க்கரையை மூட்டை கட்டாமல் அப்படியே கப்பலில் கொட்டும் முனையம் வந்த பிறகு சாக்குக்கே வேலை குறைந்துபோனது. இயற்கை நார் என்றால் வேலை செய்பவர் கைக்கும் இதமாகத்தான் இருக்கும் என்று யாராவது பேசினால் எனக்குப் பாட்டிதான் ஞாபகத்துக்கு வருவார்.

பிரித்த நார் நீளமாக, முரட்டுத்தனமாக இருக்கும். அதை நனைத்து நூற்கும் இயந்திரங்கள் வேறு, லினன் என்கிற ஆளிச் செடி நாரை நூற்கும் ஆலைகளில் இருப்பவை. உலகத்தில் எங்கே பார்த்தாலும் இருப்பதோ பருத்தி இயந்திரம். அதில் ஓட வேண்டுமானால் ஹெம்ப் நாரைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தோ வேறு வழியிலோ பசையை எடுத்து, பருத்தி நீளத்துக்குத் துண்டாக்க வேண்டும். பெரிய கம்பெனிகளும் இந்த வழியில்தான் போகின்றன, லீவைஸ் 2019இல் இப்படிப் பருத்திபோல் ஆக்கிய ஹெம்ப்பைக் கலந்து சட்டையும் ஜீன்ஸும் கொண்டுவந்தது. கைக்கு மெத்தென்று இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹெம்ப்புக்கு நல்ல பெயரே அதன் நீள நாரின் உறுதியால் வந்தது, அதை வெட்டிவிட்டு எதை விற்கிறோம்? இதை விட மோசமானது, தண்டைக் கூழாக்கி விஸ்கோஸ் முறையில் இழுத்த நூல். அதில் கார்பன் டைசல்பைடு வருகிறது, ஆலையில் வேலை செய்பவரின் நரம்பையே தாக்கும் பொருள் அது. அதற்கும் ஹெம்ப் என்று சொல்லி விற்கப் பார்ப்பவர்கள் இருக்கலாம். கேட்காமல் வாங்காதே.

இனி என் இடம், சாயக்கூடம். ஹெம்ப் இயல்பிலேயே சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். பருத்தியைவிட லிக்னின் என்கிற, தண்டை விறைப்பாக்கும் பொருள் அதிகம் என்பதால் அவ்வளவு சுலபமாக வெளுக்காது. தூய வெள்ளை வேண்டும் என்று நீ கேட்டால், ஆலைக்காரர் காஸ்டிக்கையும் பெராக்ஸைடையும் கூட்டிக்கொண்டே போவார், சூட்டையும் கூட்டுவார், ஒவ்வொரு முறையும் அலசத் தண்ணீர், அதைச் சூடாக்க எண்ணெய். வெள்ளை ஏற ஏற நாரின் பலம் இறங்கும். அப்புறம் நிறம். பருத்திக்குப் போடும் அதே ரியாக்டிவ் சாயம்தான் (நாரோடு ரசாயனமாகவே பிணைந்துகொள்ளும் சாயம்) இதற்கும், இரண்டும் செல்லுலோஸ் என்ற ஒரே தாவரப் பொருளால் ஆனவை. கறுப்பு, கடும் நீலம் போன்றவற்றுக்கு சாயம் துணியில் ஏற லிட்டருக்கு 60, 80 கிராம் என்று உப்பு கொட்டுவோம், அப்படியும் சாயத்தில் ஒரு பகுதி துணியில் பிடிக்காமல் கழுவும் நீரோடு போய்விடும். சுத்திகரிப்பில் நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எடுப்பது லேசில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்த நீர் நேராக ஓடைக்குப் போனதைப் பல வருடம் பார்த்தேன், கீழே கீரை போட்டிருந்தவர்கள் வந்து கேட்டபோது மேலிடத்தில் யாரும் வெளியே வரவில்லை. வயலில் மருந்தே அடிக்காத செடியைக் கொண்டுவந்து அந்தத் தொட்டியில் இறக்கினால் யாருக்கு என்ன பிரயோஜனம், சொல்.

அதனால் வெள்ளையும் கறுப்பும் வேண்டாம். ஹெம்ப்பின் சொந்த நிறத்திலேயே விடு. அழகான நிறம் அது, நம் வெயிலுக்கு அழுக்கும் தெரியாது. ஒன்றிரண்டு வெளிர் நிறம் வேண்டுமானால் வைத்துக்கொள், அவ்வளவு போதும்.

டி-ஷர்ட்டையும் விட்டுவிடச் சொல்வேன். உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஹெம்ப் நூலுக்கு இழுபடும் குணம் குறைவு, பின்னல் இயந்திரத்தில் அறுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கடையில் பார்க்கும் ஹெம்ப் டி-ஷர்ட் பெரும்பாலும் 55க்கு 45 என்று பருத்தி கலந்தது. நல்ல ஆர்கானிக் பருத்தி கலந்தால் அது கெட்ட துணி இல்லை, சீட்டில் அளவை நேர்மையாகப் போட்டால் போதும். ஆனால் பாலியெஸ்டரோ, இழுபடும் செயற்கை நூலான எலாஸ்டேனோ சேர்க்கவே சேர்க்காதே, துவைக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் தூசி தண்ணீரில் போகும், கிழிந்த பிறகும் மண்ணில் மக்காது. நெய்த துணியில் அரைக்கைச் சட்டை, தளர்ந்த கால்சட்டை, சமையலறை ஏப்ரன் என்று தொடங்கு. அதில்தான் ஹெம்ப் தன் வேலையைக் காட்டும்: வியர்வையை இழுக்கும், காற்று விடும், முதலில் விறைப்பாக இருந்தாலும் துவைக்கத் துவைக்க இளகும், பல வருடம் கிழியாது. ஒரு சட்டை இரண்டு சட்டையின் ஆயுளுக்கு வந்தால், இரண்டாவது சட்டைக்கான தண்ணீர், சாயம், கப்பல் எல்லாமே மிச்சம். விலை அதிகம் என்று சொல்பவரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தாய். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை, முடிந்த துணியில் உடம்புக்குக் கெடுதலான பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது, செடி எப்படி விளைந்தது என்று அது சொல்லாது. ஜிஓடிஎஸ் என்ற ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்று என்றால் ஆர்கானிக் நார், சாயக்கூட ரசாயனம், கழிவுநீர், தொழிலாளர் நிலைமை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நூலுக்கு அதைக் கேள்.

தையலுக்கு அம்மா அவளோடு வேலை செய்த மூன்று பெண்களிடம் பேசிவிட்டாள். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை இறக்குமதி செய்யலாம் என்று பணக்கார நாடுகள் வரம்பு வைத்திருந்த கோட்டா முறை 2005இல் போனதை ஒட்டி இங்கே ஆலைகள் மூடியபோது வேலை இழந்தவர்கள், கை இன்னும் தேர்ந்த கைதான். உருப்படிக் கணக்கில் கூலி பேசாதே, ஹெம்ப்பில் நூல் முடிச்சுகள் வரும், ஊசி தடுக்கும், அவசரப்படுத்தினால் தையலும் கெடும் அவர்கள் வருமானமும் குறையும். நாள் கூலியாகப் பேசி, அதை வைத்து விலை போடு.

முதலில் வெளுக்காத துணியில் நூறு சதவீத ஹெம்ப் மூன்று மீட்டர், கலப்பு மூன்று மீட்டர் அனுப்பு. துவைத்து, காயப்போட்டு, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து எழுதுகிறேன், அதற்கு முன்னால் பேட்டர்ன் வெட்டாதே. அனுப்பும்போது மடிக்காமல் உருளையில் சுற்றி அனுப்பு, ஒரே மடிப்பில் அழுந்திக் கிடந்தால் இந்தத் துணியில் அந்த இடத்தில் சுலபத்தில் போகாத சுருக்கம் விழுந்துவிடும்.

அன்புடன்,
அப்பா