பிட்ஸ்பர்கிலிருந்து அப்பாவுக்கு

பிட்ஸ்பர்க்,
10 டிசம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? குளிர் ஆரம்பித்துவிட்டது, ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. "அங்க சனங்க எதைப் பத்திதான் பேசிக்குவாங்க?" என்று போனில் கேட்டீர்கள், அதற்குள் லைன் போய்விட்டது. பதில் கொஞ்சம் நீளம், அதனால் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

செப்டம்பரிலிருந்து இந்த ஊரில் ஒரே பேச்சு, ஸ்டீலர்ஸ் அணியின் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர். இது நம் ஊர் ஃபுட்பால் இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதுகிற ஆட்டம். நான்கு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. பந்தை எறிவதா, தூக்கிக்கொண்டு ஓடுவதா, யார் எந்தப் பக்கம் போவது என்று ஒவ்வொரு முறையும் ஒரு திட்டம் உண்டு. அதை வெளியிலிருந்து மைக்கில் சொல்பவர்தான் இந்த கோஆர்டினேட்டர். பந்தை எறிகிற ஆளுக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர், அவன் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் இருக்கிறது. பெரும்பாலும் 40 விநாடிக்குள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியாக வேண்டும், அதில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டுவிடும். அப்புறம் பையன் பாடு.

2021 முதல் அந்த வேலையில் இருந்தவர் மேட் கனடா. பெயர்தான் கனடா, ஆள் இந்த நாட்டுக்காரர். செப்டம்பர் 18 அன்று கிளீவ்லாந்து அணியை இங்கே 26-22 என்று ஜெயித்தார்கள். ஜெயித்த அந்த ஆட்டத்திலேயே "கனடாவைத் தூக்கு" என்று ஸ்டேடியத்தில் கோஷம். காரணம் இருக்கிறது. பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன். அன்றைக்கு இரண்டு டச்டவுன் அடித்தது கனடாவின் ஆட்கள் இல்லை, தடுப்பு வரிசை. நவம்பர் நடுவில் ஒன்பது ஆட்டத்தில் ஆறு ஜெயித்திருந்தார்கள், ஆனால் அந்த ஒன்பதிலுமே எதிரணிதான் அதிக யார்டு எடுத்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காரிலிருந்து மளிகை இறக்கிக்கொண்டிருந்தேன். வந்தார், பையிலிருந்த வெங்காயத்தை எடுத்து என் கார் பானெட் மேலேயே அடுக்கிவிட்டார். "இது மூணாவது வாய்ப்பு. எட்டு யார்டு வேணும். இந்த ஆள் என்ன பண்றான் பார்" என்று நான்கு வெங்காயத்தை நகர்த்தி, எல்லாவற்றையும் ஐந்து யார்டிலேயே நிறுத்தினார். "அஞ்சுல புடிச்சா எட்டு எப்படி வரும்?" நியாயமான கேள்விதான். ஒரு வெங்காயம் உருண்டு சாக்கடைக்குள் போனது. "அதுதான் எங்க குவார்ட்டர்பேக்" என்றார்.

ஆபீஸில் என் எதிர் சீட்டுக்காரிக்கு இந்தக் கட்சி பிடிக்காது. திட்டம் சரிதான், எறிகிற கென்னி பிக்கெட்தான் ஆளைப் பார்க்காமல் பதறுகிறான் என்பது அவள் வாதம்.

நவம்பர் 19 நினைவிருக்கிறதா? காலையில் உங்கள் குரல் கேட்கவே கஷ்டமாக இருந்தது. உலகக்கோப்பை ஃபைனலில் சூரியகுமாருக்கு முன்னால் ஜடேஜாவை ஏன் இறக்கினார்கள் என்று புலம்பினீர்கள். அதே ஞாயிறு மத்தியானம் கிளீவ்லாந்தில் ஸ்டீலர்ஸ் 13-10 என்று தோற்றது. உங்கள் புலம்பலை அப்படியே இங்கிலீஷில் கேட்டேன். ஜேலன் வாரன் என்ற பையன் 129 யார்டு ஓடியிருக்கிறான், அவனுக்குப் பந்து கொடுத்ததோ ஒன்பதே முறை! ஏன் என்று ஊரே கேட்டது. "அதில் 74 ஒரே ஓட்டத்தில் வந்தது" என்றாள் எதிர் சீட்டுக்காரி. மிச்சத்தைக் கணக்குப் போட்டேன்: எட்டு ஓட்டத்தில் 55, தடவைக்கு ஏழு யார்டுக்குக் கொஞ்சம் குறைவு. பெரியவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. பிக்கெட் எறிந்து கிடைத்தது 106 யார்டுதான், அதனால் அவள் சொன்னதையும் தள்ளிவிட முடியவில்லை.

இரண்டு நாளில் கனடாவை நீக்கிவிட்டார்கள். சீசன் நடுவில் இந்த அணி ஒரு கோச்சை நீக்கியது 1941க்குப் பிறகு இதுதான் முதல் முறையாம். திட்டம் சொல்லும் வேலை மைக் சல்லிவனுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு சின்சினாட்டியில் 421 யார்டு! லீக் ஆட்டங்களில் 2020 செப்டம்பருக்குப் பிறகு நானூறைத் தாண்டியதே அன்றுதான். பெரியவர் வீட்டு வாசலில், இந்த அணி ரசிகர்கள் வைத்திருக்கும் மஞ்சள் துண்டைச் சுழற்றினார். மறுநாள் எதிர் சீட்டுக்காரி இரண்டு விஷயம் சொன்னாள். நானூறு வராத கதை கனடா பொறுப்புக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்தது. அப்புறம், 421 யார்டுக்குக் கிடைத்த புள்ளி 16தான்.

அவள் வாய் முகூர்த்தமோ என்னவோ, அடுத்து அரிசோனாவிடம் 24-10, போன வியாழன் நியூ இங்கிலாந்திடம் 21-18 என்று தோல்வி. இரண்டும் சொந்த மண்ணில். இரண்டும் அதுவரை 12 ஆட்டத்தில் 10 தோற்ற அணிகள். அரிசோனா ஆட்டத்தில் பிக்கெட்டுக்குக் கணுக்காலில் அடி வேறு.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். 1969லிருந்து இந்த 2023 வரை இந்த அணிக்குத் தலைமை கோச் மூன்றே பேர். அந்த நாற்காலி அசையாது என்று ஊருக்குத் தெரியும், அதனால் கோபமெல்லாம் அடுத்த நாற்காலிக்கு வருகிறது. கனடாவுக்கு முன்னால் ஃபிக்ட்னர், ஹேலி, ஏரியன்ஸ் என்று எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அந்த ஏரியன்ஸ் இங்கிருந்து போய், பின்னால் டாம்பா அணிக்குத் தலைமை கோச்சாக, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலே ஜெயித்தார். பெரியவரிடம் கேட்டேன். "அது டாம் பிரேடி ஜெயிச்சது" என்று அந்த அணியின் குவார்ட்டர்பேக்கைச் சொல்லி முடித்துவிட்டார்.

நேற்று பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போனேன். கேன்டீனில் புளியோதரைத் தட்டோடு நம் ஆட்கள் நான்கு பேர் இதே சண்டை. கறுப்பு-மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு மாமா, சல்லிவனையும் தூக்கணும் என்றார். சல்லிவன் அந்த வேலைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அடுத்த சனிக்கிழமை இண்டியானாபொலிஸில் ஆட்டம், பெரியவர் அவர் வீட்டுக்கே வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். உங்கள் பிரஷர் மாத்திரையைச் சாப்பிட்டபின் போடுங்கள், முன்னால் இல்லை.

அன்புடன்,
உங்கள் மகள்